அரசுக்குக் கடன் கொடுக்கும் ஆய்வு மாணவர்கள்

இது நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் முழுதும் படிக்க வேண்டுகிறேன். நிதி விதிகளைப் பற்றிய பதிவு என்றதும் கடந்து செல்லத் தோன்றும். ஆனால் நம்முள் யார் ஆய்வு செய்யலாம், எதைப் பற்றி ஆய்வு செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் இவ்விதிகளும் உண்டு.

சென்ற வாரம் என் பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கோப்பு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. நிலத்தடி நீர் மாதிரிகள் எடுப்பதற்காகப் பதினொரு நாள் களப்பணி சென்ற செலவுக் கணக்கு அது. வாடகை வண்டி, மாதிரிக் குப்பிகள், பனிக்கட்டி, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிய கூரியர் கட்டணம் என மொத்தம் 41,360 ரூபாய். அதில் பாதிக்குமேல் என் அறைத்தோழியின் கடன் அட்டையிலிருந்து போனது. முதல் முறை, வண்டிக்காரர் தந்த ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை என்று கோப்பு திரும்பியது. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கும் குறைவாக ஈட்டும் ஒரு வண்டிக்காரர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவே தேவையில்லை என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் முறை, பனிக்கட்டிக்கு மூன்று விலைப்புள்ளிகள் எங்கே என்ற வினாவுடன் திரும்பியது. மூன்றாம் முறை, கூரியர் ரசீதைப் படிக்க முடியவில்லை என்ற குறிப்புடன் திரும்பியது. அது வெப்பத்தாளில் அச்சான ரசீது. எட்டு மாதம் மேசைக்கு மேசை அலைந்ததில் எழுத்தெல்லாம் மங்கி வெறுந்தாளாகிவிட்டது. நான் செலவழித்தது மெய். அதற்குச் சாட்சியாக இருந்த தாள்தான் மறந்துவிட்டது.

பொது நிதி விதிகள் 2017-இன் 21-ஆம் விதியை நிதி அலுவலர் எவரும் மனப்பாடமாகச் சொல்வர். இயல்பான விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிடுகையில் எவ்வளவு விழிப்புடன் இருப்பாரோ, அதே விழிப்பை அரசுப் பணத்தைச் செலவிடும் அலுவலர் ஒவ்வொருவரும் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அவ்விதியை வகுத்தோர் சொந்தப் பணம் என்பதை ஓர் உவமையாகவே கருதினர். ஆய்வு மாணவரிடம் வரும்போது அவ்வுவமை நடைமுறையாகிவிடுகிறது. நாம் செலவிடுவது உண்மையிலேயே நம் சொந்தப் பணம். பிறகு அதை அரசிடமிருந்து மீட்பதற்காக மாதக்கணக்கில் மன்றாடுகிறோம்.

இதற்குப் பொருளியலில் எளிய பெயர் உண்டு: கடன். வட்டியும் தவணையும் இல்லாத, எழுத்து வடிவ ஒப்பந்தம் எதுவும் இல்லாத கடன். கொடுப்பவர் மாதம் 37,000 ரூபாய் பெறும் இளநிலை ஆய்வாளர்; அல்லது நெட் உதவித்தொகை கிட்டாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 8,000 ரூபாயில் காலம் தள்ளும் முனைவர் பட்ட மாணவர். பெறுபவர் இந்திய அரசு.

ஒப்பிட்டுப் பாருங்கள். என் ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குடுவை விற்கும் சிறு நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, அத்தகைய குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாள்களைத் தாண்டி நிலுவை வைத்தால், வாங்கியவர் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி செலுத்தியாக வேண்டும். அரசு நிறுவனமும் இதற்கு விலக்கன்று. அச்சட்டம் நன்று, சிறு வணிகருக்கு அது வேண்டும். ஆனால் அதே குடுவையை நான் என் பணத்தில் கடையில் வாங்கி, அதே நிறுவனத்திடம் செலவைத் திருப்பிக் கேட்டால், எனக்கு 45 நாள் கெடு இல்லை; 450 நாள் ஆனாலும் வட்டி இல்லை. விற்றவருக்கு இருக்கும் உரிமை, வாங்கித் தந்தவருக்கு இல்லை.

இதனால் நேர்வது என்னைப் போன்றோரின் மனக்கசப்பு மட்டுமானால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். என் துறையில் எனக்கு இரண்டாண்டு இளையவர் ஒருவர் இருக்கிறார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆற்றுப்படுகை மணல் அகழ்வு கிணறுகளின் நீர்மட்டத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை நேரில் அளந்து ஆராய வேண்டும் என்று வந்தவர். திட்டத்தில் களப்பணிக்கு நிதி ஒதுக்கப்பட்டிருந்தது, எவரும் மறுக்கவில்லை. ஆனால் முதலில் 30,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும், பிறகு கிடைக்கும் என்றார்கள். அவரிடம் அந்த 'முதலில்' இல்லை. இப்போது அவர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து வேறொரு தலைப்பில் எழுதிக் கொண்டிருக்கிறார். நல்ல தலைப்புத்தான். ஆயினும் அதைத் தேர்ந்தெடுத்தது அவருடைய அறிவார்வமா, அவருடைய வங்கி இருப்பா? நிதி ஒதுக்கீட்டு அறிக்கையில் இந்த இழப்பு எங்கும் பதிவாகாது. செலவழிக்கப்படாத நிதி என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.

முன்பணம் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், அரசு ஊழியராக இருந்தால். 323-ஆம் விதியின்படி பொருள் வாங்குவதற்கான முன்பணத்தை அரசு ஊழியருக்கே வழங்க முடியும்; பெற்ற நாளிலிருந்து பதினைந்து நாள்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்; தவறினால் அடுத்த சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும். பிடிப்பதற்குச் சம்பளம் இல்லாதவருக்கு முன்பணமும் இல்லை என்பது நடைமுறை. ஆகவே பேராசிரியர் தம் பெயரில் வாங்கி மாணவர் கையில் தர வேண்டும். பதினொரு நாள் களப்பணி முடித்து, ஊர் திரும்பி, ரசீதுகளை ஒட்டி, கையொப்பங்கள் பெறப் பதினைந்து நாள் எப்படிப் போதும்? பேராசிரியர்கள் தயங்குவதை நான் குறை சொல்லவில்லை. தயங்காத பேராசிரியர் வாய்த்த மாணவர் பிழைக்கிறார்; வாய்க்காதவர் கடன் வாங்குகிறார்.

சீர்திருத்தமே நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். 2025 ஜூனில் நிதி அமைச்சகம் அறிவியல் துறைகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் கொள்முதல் வரம்புகளை உயர்த்தியது. விலைப்புள்ளி இன்றி வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாயிற்று. கொள்முதல் குழு வழியே வாங்கும் வரம்பு 25 லட்சமாயிற்று. ஜெம் மின்-சந்தைக்கு வெளியே அறிவியல் கருவிகளையும் நுகர்பொருள்களையும் வாங்கத் துணைவேந்தர்களும் இயக்குநர்களும் அனுமதிக்கலாம் என்றாயிற்று. அறிவியலாளர்கள் பல்லாண்டு கேட்டது இது, வரவேற்போம். ஆனால் இவையனைத்தும் எவ்வளவுக்கு வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்பதை மாற்றின. கடையில் நிற்கும்போது யாருடைய பணப்பை திறக்க வேண்டும் என்பதை மாற்றவில்லை. 2 லட்ச ரூபாய்க்கு விலைப்புள்ளியின்றி வாங்கும் அதிகாரம் என் ஆய்வகத்துக்கு உண்டு. 500 ரூபாய்ப் பனிக்கட்டிக்குக் கையில் பணம் இல்லை. அந்த அதிகாரம் இருந்தும் விலைப்புள்ளி கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆகவே என் வாதம் இது: பொது நிறுவனங்களின் சிறு செலவுகளுக்கு, நிறுவனமே பொறுப்பேற்கும் செலவு அட்டை வேண்டும், அது ஆய்வு மாணவரின் கைக்கும் எட்ட வேண்டும்.

செலவு அட்டையும் நாம் பழகிய கடன் அட்டையும் ஒன்றல்ல. கடன் அட்டையில் நிலுவையைத் தவணையாக இழுத்துச் செல்லலாம், வட்டி ஏறும். செலவு அட்டையில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முழுத்தொகையையும் கட்ட வேண்டும். அரசுக் கொள்முதலுக்கான அட்டையில் அதைக் கட்டுவது அரசுத் துறையே. அட்டையை வைத்திருப்பவர் வாங்குபவர் மட்டும், கடனாளி அல்லர். அமெரிக்கக் கூட்டரசு 1998 முதல் ஸ்மார்ட்பே என்ற பெயரில் இதை நடத்துகிறது. குறுங்கொள்முதல் வரம்புக்குள் அடங்கும் பொருளை அட்டையுள்ள ஊழியர் நேரே வாங்குகிறார். வங்கி வணிகருக்கு உடனே செலுத்துகிறது. துறை வங்கிக்குச் செலுத்துகிறது. அந்த வரம்பு 2018-இல் 10,000 டாலராகவும், 2025 அக்டோபரில் 15,000 டாலராகவும் உயர்ந்தது. செலவின் அளவைப் பொறுத்து வங்கிகள் துறைகளுக்கு ஒரு பங்கைத் திருப்பியும் தருகின்றன.

அட்டையைக் கொடுத்தால் ஊழல் பெருகும் என்பது முதல் மறுப்பு. இதைச் சிரித்துத் தள்ளமாட்டேன். அமெரிக்க அனுபவமே அதற்குச் சான்று தருகிறது. 2005 ஜூலை முதல் 2006 ஜூன் வரையிலான அட்டைக் கொள்முதல்களை அந்நாட்டு அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் மாதிரி எடுத்துச் சோதித்தது. முறையான ஒப்புதல், பொருள் வந்து சேர்ந்ததை வேறொருவர் சரிபார்த்தல் என்னும் இரண்டு அடிப்படை நெறிகளுள் ஒன்றிலேனும் ஏறத்தாழ 41 விழுக்காடு தவறின என்று 2008-இல் அறிவித்தது. வெட்கக்கேடான எண்தான். ஆனால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, அந்த எண்ணைக் கண்டறிய முடிந்தது. ஒவ்வொரு கொள்முதலும் நாள், தொகை, வணிகர், அட்டை எண் ஆகியவற்றுடன் பதிவாகியிருந்ததால்தான் மாதிரி எடுக்க முடிந்தது. நம் பல்கலைக்கழகங்களில் ஒட்டுக் காகிதக் கட்டுகளாய்க் கிடக்கும் ரசீதுகளில் எத்தனை விழுக்காடு மெய் என்று எவரேனும் சொல்ல இயலுமா? களப்பணியில் கிடைக்காத ரசீதுக்கு ஈடாக எங்கோ ஒரு கடையில் வெற்று ரசீதுப் புத்தகம் வாங்குகிறார்கள் என்பது நம்முள் யாருக்குத் தெரியாது? நேர்மையாகச் செலவழித்தவரைப் பொய் ரசீது தேட வைக்கும் முறையைத் தூய்மையின் காவலன் என்று எப்படி அழைப்பது?

மற்றது, அவர்கள் அட்டையை ஒழிக்கவில்லை, திருத்தினார்கள். 2012-இல் அரசு அட்டை முறைகேட்டுத் தடுப்புச் சட்டம் வந்தது. அட்டை வைத்திருப்போர், அவர்தம் வரம்புகள் ஆகியவற்றுக்குப் பதிவேடு, மாத அறிக்கையை ரசீதுகளுடன் ஒப்பிடல், அட்டை தருமுன் பயிற்சி, பணி நீங்குவோரின் அட்டையை உடனே நிறுத்துதல், துறைகளின் தலைமை ஆய்வாளர்கள் இடருள்ள இடங்களைக் காலந்தோறும் மதிப்பிடுதல் ஆகியவை கட்டாயமாயின. கட்டுப்பாடு வேண்டாம் என்பார் எவருமில்லை. அது வாங்குமுன் பத்துக் கையொப்பங்களாக நிற்க வேண்டுமா, வாங்கிய மாதத்திலேயே ஒரு கூர்மையான சரிபார்ப்பாக நிற்க வேண்டுமா என்பதே கேள்வி. நம் விதிகளும் இதை அறியும். 154-ஆம் விதி சிறு கொள்முதலுக்கு விலைப்புள்ளி கேட்பதில்லை. தரம் தக்கது, விலை நியாயமானது, விற்றவர் நம்பத்தக்கவர் என வாங்கியவர் எழுதித் தரும் சான்று போதும் என்கிறது. விதி நம்புகிறது, விதியைக் கையாளும் அலுவலகம்தான் நம்ப மறுக்கிறது.

இரண்டாவது மறுப்பு கணக்குப் பிரிவிலிருந்து வரும்: மானியம் எல்லாம் இப்போது ஒற்றைக் கருவூலக் கணக்கு முறைக்குப் போய்விட்டது, தனியே அட்டைக் கணக்கு வைக்க இடமில்லை என்பார்கள். உண்மையில் இம்முறையும் அட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்துபவை. பணம் முன்கூட்டியே நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் தேங்காமல், ரிசர்வ் வங்கியிலுள்ள கணக்கிலிருந்து தேவைப்படும் தருணத்தில் மட்டும் வெளியேற வேண்டும் என்பதே அதன் நோக்கம். அட்டைக்கும் முன்கூட்டிப் பணம் வேண்டாம். மாதம் முடிந்ததும் நூறு ரசீதுகளுக்கு நூறு பட்டுவாடா செய்வதற்கு மாறாக, ஒரே அறிக்கைக்கு ஒரே பட்டுவாடா. கணக்குப் பிரிவு எழுத்தரின் மேசைச் சுமையும் குறையும். அவரை நான் பகைவராகக் காணவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நாளைக்குத் தணிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அச்சம்தான் அந்தக் கோப்பை மூன்று முறை திருப்பியது.

மூன்றாவது மறுப்பு என் இடதுசாரித் தோழர்களுடையது: இது வங்கிகளுக்கு லாபம் சேர்க்கும் வழி, அட்டைப் பொறி இல்லாத சிறு கடைக்காரரை ஒதுக்கும் வழி. முதல் பாதிக்குப் பதில், இப்போதும் வங்கி லாபம் ஈட்டுகிறது. என் அறைத்தோழியின் அட்டை வட்டியிலிருந்து. வங்கியிடம் பேரம் பேசித் திருப்புத்தொகை கேட்கும் வலிமை அரசுக்கு உண்டு; எங்களுக்கு இல்லை. இரண்டாம் பாதிக்குப் பதில், 2022 முதல் ரூபே கடன் அட்டையை யுபிஐயுடன் இணைத்து வணிகர்களுக்குச் செலுத்த முடிகிறது. சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் அந்தக் கட்டம்போட்ட அட்டை தொங்குகிறது. அதுவும் இல்லாத இடங்களுக்குச் சிறுதொகை நிலைமுன்பணம் தொடரட்டும்.

ஆனால் நானே எழுப்ப வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. 2025 பிப்ரவரியில், செலவுக் குறைப்பு என்ற பெயரில், அமெரிக்கத் துறைகள் பலவற்றின் அட்டைகளுக்கு வரம்பு 1 டாலராகக் குறைக்கப்பட்டது; மாத இறுதியில் 30 நாள் முடக்கத்துக்கு அதிபரின் ஆணையும் வந்தது. தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வகங்களில் அன்றாடப் பொருள்கள் வாங்குவதே தடைப்பட்டதைச் செய்தித்தாள்கள் எழுதின. பல ஆயிரம் மேசைகளில் பரவிக் கிடந்த தாமதத்தை அட்டை நீக்கியது. அதே வேளையில் எல்லா ஆய்வகங்களையும் ஒரே நாளில் நிறுத்தக்கூடிய ஒரு பொத்தானையும் உண்டாக்கியது. பல்கலைக்கழகத் தன்னாட்சி பற்றிக் கவலைப்படும் எவரும் இதை எளிதாகக் கடக்கலாகாது. இன்னொன்று: அந்த அட்டை கூட்டரசு ஊழியருக்கானது. அங்கும் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் மாநாட்டுச் செலவைக் கையிலிருந்து போட்டுவிட்டுக் காத்திருக்கும் துயரம் உண்டு. ஆகையால் அந்தத் திட்டத்தை அப்படியே பெயர்த்து நடக் கேட்கவில்லை. அதன் தழும்புகளையும் பார்த்து, நமக்கானதை வகுக்கக் கேட்கிறேன்.

அதில் ஐந்து கூறுகளேனும் இருக்க வேண்டும்.

ஒன்று, நிலுவைக்கு நிறுவனமே பொறுப்பு. மெய்ப்பிக்கப்பட்ட முறைகேட்டுக்கு மட்டுமே தனிமனிதர் பொறுப்பு. தாமதத்துக்கோ தொலைந்த ரசீதுக்கோ அல்ல.

இரண்டு, முதன்மை ஆய்வாளரின் அட்டைக்குக் கீழ், பதிவு செய்த ஆய்வு மாணவருக்குத் துணை அட்டை. களப்பணிக் காலத்துக்கு மட்டும், ஒப்புதல் பெற்ற தொகைக்கு மட்டும். இந்தக் கூறு இல்லையேல் மற்றவை அனைத்தும் பேராசிரியர்களின் வசதியாகச் சுருங்கிவிடும்.

மூன்று, வாங்குபவர், ஒப்புதல் தருபவர், பொருள் வந்ததைச் சரிபார்ப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆள்களாக இருத்தல். வணிகர் வகைக் குறியீட்டைக் கொண்டு நகைக்கடை, மதுக்கடை போன்றவற்றை அட்டையிலேயே அடைத்துவிடுதல். ஒரே கொள்முதலை வரம்புக்குள் அடங்குமாறு துண்டாக்குவதை மாத அறிக்கையில் கண்டறிதல்.

நான்கு, முடக்கும் அதிகாரம் நிறுவனத்திடமே இருத்தல். தனி அட்டையைக் காரணம் காட்டி நிறுத்தலாம். ஒட்டுமொத்தமாக நிறுத்த முன்னறிவிப்பும் எழுத்து வடிவக் காரணமும் வேண்டும்.

ஐந்து, அட்டை வரும்வரையும் வந்த பின்பும், மாணவர் கையிலிருந்து செலவழித்த தொகைக்கு 45 நாள் கெடு, தாண்டினால் வட்டி. சிறு வணிகருக்குப் பொருந்தும் நீதி மாணவருக்கும் பொருந்தட்டும்.

இவற்றுள் ஐந்தாவதற்கு வங்கியும் வேண்டாம், தில்லியும் வேண்டாம். ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிக்குழு மனம் வைத்தால் அடுத்த கூட்டத்திலேயே கெடுவை விதிக்கலாம். அதைக்கூடச் செய்யாதவர்கள் அட்டை வந்தால் மாறிவிடுவார்கள் என்று நம்பும் அளவுக்கு நான் பேதையல்லள். எனவேதான் இதை நிதி அமைச்சகத்துக்கு மனுவாக எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் ஆய்வகத்தில் எந்த மாணவர் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று இந்த வாரம் கேளுங்கள். கேட்காமல் அவர்கள் சொல்லமாட்டார்கள். பணம் கேட்பது இழிவு என்று நாம் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம். நிதிக்குழுவிலோ கல்விக்குழுவிலோ இருப்போர் அந்தத் தொகையை நிகழ்ச்சிநிரலில் ஏற்றுங்கள்.

மாணவத் தோழர்களே, மார்ச் 31 அன்று நிறுவனம் தன் கணக்கை முடிக்கிறது. பயன்பாட்டுச் சான்றிதழ்கள் புறப்படுகின்றன. அந்தக் கணக்கில் நாம் கடன் கொடுத்தவர்களாக எங்கும் காணப்படமாட்டோம். நம் கணக்கை நாமே எழுதுவோம். துறைவாரியாக ஒரு தாள் போதும்: தொகை, செலவழித்த நாள், கோப்பு இப்போது இருக்கும் மேசை. பெயர் வேண்டாம், அஞ்சுவோரும் எழுதலாம்.

என் துறையின் தாளில் முதல் வரியை எழுதிவிட்டேன். 41,360 ரூபாய். எட்டு மாதம். கணக்குப் பிரிவு, சன்னலோர மேசை. என் இளையவரிடமும் தாளை நீட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அக்கா, நான் எதுவும் செலவழிக்கவே இல்லையே" என்றார். அவருடைய வரியை அந்தத் தாளில் எப்படி எழுதுவது என்று இன்னும் யோசித்துக் கொண்டிருக்கிறேன்.